இனப் பாகுபாடும் பாலினப் பாகுபாடும் எப்படி ஒன்றோடொன்று கலக்கின்றன?

இனத்தாலும் பாலினத்தாலும் சேர்ந்து ஒதுக்கப்படுவதைக் குறுக்குவெட்டுப் பாகுபாடு என்பார்கள். 1989-இல் இக்கருத்தை முன்வைத்தவர் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா.

நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை. அதில் நீலத்தை மட்டும் தேடினால் கிடைக்குமா? அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த வழக்கில் நடந்தது அதுதான். வெகுகாலம் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டுத் தாமதமாக வேலை கிடைத்ததால் அவர்களுக்குப் பணிமூப்பு குறைவு. ஆட்குறைப்பு வந்ததும் பணிமூப்பு குறைந்தவர்களுக்கே முதலில் வேலை போனது. நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறதே என்றது நீதிமன்றம். அப்படி எடுக்கப்பட்டவர்கள் வெள்ளையினப் பெண்கள்! இனப் பாகுபாட்டுப் புகாரைத் தனியே பார்க்கலாம், அதைப் பாலினப் புகாரோடு சேர்க்க முடியாது என்று 1976-இல் தீர்ப்பு வந்தது. எவ்வளவு பெரிய அநியாயம்.

யாருக்கு வலி அதிகம் என்ற போட்டி இது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, தனித்தனியாகப் பார்த்தால் விடுபட்டுப்போகும் பாதிப்பைக் காண்பதற்கான வழி இது.