அமெரிக்காவில் மெட்ரிக் முறைக்காக உள்ளூரில் ஒரு குழுவை எப்படித் தொடங்குவது?

பவுண்ட், மைலை விட்டு கிலோ, மீட்டர், லிட்டர் என்ற மெட்ரிக் முறைக்கு நாடு மாற வேண்டும் என்று நீங்களும் இணைய மனுவில் கையெழுத்து சேர்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2012 கடைசியில் வெள்ளை மாளிகைக்குப் போன மெட்ரிக் மனு 25,000 கையெழுத்தைத் தாண்டியது. விருப்பப்பட்டவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற அளவில்தான் பதில் வந்தது. அதனால் நாடு முழுவதையும் மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள்.

நான் பிடித்தது குழந்தைகள் மருத்துவமனை ஒன்றை. என் மகளுக்கு அப்போது 3 வயது, நல்ல காய்ச்சல். எடை 31 பவுண்ட், அதாவது 14 கிலோ. நர்ஸ் அந்த 31-ஐ அப்படியே கிலோ கட்டத்தில் ஏற்றிவிட்டார். எடையை வைத்துக் கணக்கிட்ட மருந்தின் அளவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. "மூன்று வயதில் 31 கிலோவா?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டதால் தப்பித்தோம். அன்று இரவு முழுக்க எனக்குக் கை நடுங்கியது.

அப்புறம் ஆறு பெற்றோர் சேர்ந்தோம். இரண்டே கோரிக்கை: எடையைக் கிலோவில் மட்டும் எடுங்கள், மருந்தை ஸ்பூன் கணக்கில் சொல்லாமல் மில்லிலிட்டர் சிரிஞ்ச் கொடுங்கள். முதல் மூன்று மாதம் 'மெட்ரிக்' என்ற சொல்லையே எடுக்கவில்லை. எடுத்தால் பேச்சு சாலையோர மைல் பலகைகளை மாற்றுவது பக்கம் போய்விடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியே 2015-இல் மில்லிலிட்டர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டது. அந்த அறிக்கையைக் கையில் கொண்டுபோனதுதான் வேலை செய்தது. எட்டு மாதத்தில் எடை இயந்திரம் கிலோவுக்கு மாறியது.

வந்த நாட்டின் வழக்கத்தை மாற்ற நீ யார் என்று இங்கேயும் கேட்பீர்கள். மெட்ரிக் இங்கே 1866 முதல் சட்டப்படி செல்லும். பவுண்டுக்கே 1893 முதல் கிலோகிராமை வைத்துத்தான் வரையறை. உங்கள் சமையலறைக் கப்பை நான் பிடுங்க வரவில்லை.

ஒரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் இதைப் பேச ஐந்து நிமிடம் கேட்டேன். நேரம் இல்லை என்றார்கள். வீடு விற்கும் விளம்பரதாரர்கள் மேடையில் 40 நிமிடம் பேசினார்கள். அந்த நேரம் முழுக்க மாறுவேடப் போட்டிக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.