எடுத்துவைத்த விதையை விற்றால் கேஸ் வருமா?

கேள்வி: போன பட்டத்தில் ஒரு தனியார் கம்பெனியின் நெல் ரகத்தை நான்கு ஏக்கரில் போட்டேன். நல்ல மகசூல். அதில் கொஞ்சத்தைக் காயவைத்து விதைக்கு எடுத்துவைத்திருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரர்கள் ஐந்தாறு பேர் விலைக்குக் கேட்கிறார்கள். விதைக் கடைக்காரரோ, "அது பதிவு செய்த ரகம், விற்றால் கம்பெனி கேஸ் போடும்" என்கிறார். பத்து பத்து கிலோ பையாகப் போட்டு, ரகத்தின் பெயரை அச்சடித்து, வாட்ஸ்அப்பில் விற்கலாம் என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?

பதில்: பயத்தை முதலில் இறக்கிவைத்துவிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நீங்கள் தாராளமாக விற்கலாம். மகன் சொல்கிற மாதிரி விற்கக் கூடாது.

பயிர் ரகங்களுக்கும் உழவர் உரிமைகளுக்குமான பாதுகாப்புச் சட்டம் ஒன்று 2001-ல் நம் நாட்டில் வந்தது. ஒரு ரகத்தை உருவாக்கியவர் அதைப் பதிவு செய்து, அந்த விதையை உற்பத்தி செய்யவும் விற்கவும் தனி உரிமை பெறலாம் என்கிறது அந்தச் சட்டம். கடைக்காரர் சொல்வது இந்த உரிமையைத்தான். ஆனால் அதே சட்டத்தின் 39-வது பிரிவை அவர் படித்திருக்க மாட்டார். பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும், தன் விளைச்சலிலிருந்து கிடைத்த விதையைச் சேமிக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர்ந்துகொள்ள, விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்று அந்தப் பிரிவு சொல்கிறது. சட்டம் வருவதற்கு முன்னால் எப்படிச் செய்துவந்தோமோ, அப்படியே செய்யலாம்.

இதற்கு ஒரே ஒரு தடை உண்டு. பதிவு பெற்ற ரகத்தின் விதையைப் பையிலோ வேறு எதிலோ அடைத்து, அது இன்ன ரகம் என்று காட்டும்படி லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. இப்படி விற்பதைச் சட்டம் பிராண்டு போட்ட விதை என்கிறது. உங்கள் மகன் செய்ய நினைப்பது அச்சு அசலாக இதைத்தான்.

"சரி, சாக்கில் கட்டிக் கொடுத்தால்?" என்று கேட்பீர்கள். வெறும் சாக்கு பிரச்சினை இல்லை. ஆனால் ரகத்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சாக்கின் வாயில் செருகிக் கட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. வாங்குகிறவர் வீட்டில் நாலு மூட்டை இருக்கும், மாறிப்போகக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கம்பெனியின் வக்கீல் கையில் அந்தச் சீட்டு ஒரு லேபிளாக மாறிவிடும். சீட்டே வேண்டாம் என்பது என் யோசனை. என்ன ரகம் என்பதை வாயால் சொல்லுங்கள், வாங்குகிறவர் தன் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

அடுத்து 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம். அரசு அறிவிக்கை செய்த ரகங்களை விற்பவர் முளைப்புத் திறன், தூய்மை எல்லாம் குறித்து லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்பது அதன் பொது விதி. ஒரு சட்டம் லேபிள் ஒட்டாதே என்கிறது, இன்னொன்று ஒட்டு என்கிறதே என்று குழம்ப வேண்டாம். விவசாயிக்கு அதன் 24-வது பிரிவு விலக்குக் கொடுத்திருக்கிறது. தான் விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே வைத்து, விதைக்கப்போகும் ஆளிடம் நேரடியாகக் கொடுத்தால், விதைச் சட்டம் அவரைத் தொடாது. இதில் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். களத்துக்கோ வீட்டுக்கோ வந்து வாங்கிப்போனால் விலக்கு நிற்கும். சந்தையில் கடை விரித்தால் நிற்காது. வாங்கி மறுபடி விற்கப்போகிற வியாபாரிக்குக் கொடுத்தாலும் நிற்காது. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துப் பார்சல் போடுவது "தன் இடத்தில்" கொடுப்பதாகாது, அதனால் அங்கேயும் இந்த விலக்கை நம்ப முடியாது.

மகனுக்கு விதைத் தொழிலில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அவரைத் தடுக்காதீர்கள். நல்ல விதை தேவைப்படும் விவசாயிகள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். முறையாகச் செய்யச் சொல்லுங்கள். 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வாங்க வேண்டும். தனியார் கம்பெனியின் பதிவு ரகத்தை விட்டுவிட்டு, அரசு வெளியிட்ட ரகத்தின் ஆதார விதையை (சான்று விதை பெருக்குவதற்கான மூல விதையை) வாங்கி, விதைச் சான்றளிப்புத் துறையில் விதைப் பண்ணையாகப் பதிந்து, வயலாய்வு முடித்து, நீல நிறச் சான்று அட்டையோடு விற்கலாம். வேலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அப்புறம் யாருக்கும் பயப்பட வேண்டாம்.

இந்த உரிமை எல்லா நாட்டு விவசாயிக்கும் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் விதைக்கே காப்புரிமை உண்டு. எடுத்துவைத்த சோயா விதையை மறுபடி விதைத்த ஒரு விவசாயி மான்சான்டோ கம்பெனியிடம் 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். நம் காப்புரிமைச் சட்டம் செடிக்கும் விதைக்கும் காப்புரிமை தருவதில்லை, பிரிவு 3(ஜே). இணையத்தில் சுற்றும் வெளிநாட்டுக் கதைகளைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

அதற்காக இங்கே யாரும் வழக்கே போடுவதில்லை என்று சொல்ல மாட்டேன். 2019-ல் குஜராத்தில், தான் பதிவு செய்த உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டார்கள் என்று சில விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டது. ஒவ்வொருவரிடமும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் வழக்குகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2021-ல் அந்த ரகத்தின் பதிவையே, ரகங்களைப் பதிவு செய்யும் ஆணையம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பதிவை மீட்டுக்கொடுத்தது. பதிவு திரும்பக் கிடைத்ததால் விவசாயியின் உரிமை போய்விட்டது என்று சிலர் சொல்வது தவறு. 39-வது பிரிவு அப்படியே இருக்கிறது. வழக்குகள் பாதியிலேயே வாபஸ் ஆனதால், அந்த உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கு இப்பிரிவு எப்படிப் பொருந்தும் என்று நீதிமன்றம் தீர்ப்பெழுத வாய்ப்பு வரவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

மூன்று இடங்களில் என் பதில் மாறும். நீங்கள் கம்பெனியோடு விதை உற்பத்தி ஒப்பந்தம் போட்டிருந்தால், முதலில் அந்தக் காகிதத்தைப் படியுங்கள். விளைச்சல் முழுவதையும் கம்பெனிக்கே கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், எடுத்துவைத்ததே ஒப்பந்த மீறல் என்று அவர்கள் வாதாடுவார்கள். இரண்டாவது, பையில் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) என்று போட்டிருந்தால் விற்காதீர்கள். சட்டம் தடுக்காவிட்டாலும் அடுத்த தலைமுறையில் பயிர் ஒரே சீராக வராது, கதிர் ஒன்று முன்னே பின்னே வந்து வாங்கியவர் உங்கள் மேல் வருத்தப்படுவார். மூன்றாவது, உங்களுக்குப் பொருந்தாது என்றாலும் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: களைக்கொல்லி தாங்கும் பருத்தி என்று திருட்டுத்தனமாக விற்கப்படும் மரபணு மாற்ற விதைக்கு இங்கே அனுமதி கிடையாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும், உழவர் உரிமை என்று சொல்லித் தப்ப முடியாது.

கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்து விதை மாதிரி கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த அதிகாரம் விதை ஆய்வாளருக்குத்தான். அவரும் எழுத்தில் தெரிவித்து, மாதிரியை மூன்றாகப் பிரித்து, ஒன்றை உங்களிடமே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வெற்றுத் தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் மட்டும் பீரோவில் போட்டு மறந்துவிடாமல் உடனே பதில் அனுப்ப வேண்டும். கம்பெனிக்கு அப்படி ஒரு தனி உரிமை இருப்பதே தெரியாமல் விவசாயி செய்தது மீறல் ஆகாது என்று 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-வது பிரிவு சொல்கிறது, ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் இதற்கு வருமான வரம்பு கிடையாது.

இன்னொன்று. நீங்கள் முதலில் வாங்கிய விதையின் ரசீதையும் காலிப் பையையும் எறிந்துவிடாதீர்கள். பையின் பின்பக்கம் ரகம், குவியல் எண், பரிசோதனை நாள், முளைப்புத் திறன் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். விதை எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் உள்ள சாட்சி அதுதான்.

விற்பதற்கு முன்னால் நூறு நெல்லை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வைத்துப் பாருங்கள். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்பு வேண்டும் என்பது அளவு. உங்களுடையது அதற்குக் கீழே போனால் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள், அல்லது ஒரு மாதிரியை விதைப் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்து முடிவு வந்த பிறகு விற்பனையை வைத்துக்கொள்ளுங்கள்.