டபுள் ஆப்பிளில் ஆப்பிள் எங்கே?

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். வார லீவு வந்தால் ரூம் நண்பர்களோடு ஷீஷா (நம்மூர் ஹூக்கா) கடைக்குப் போவது வழக்கம். இப்போது எல்லோரும் கேட்டு வாங்குவது 'லவ் 66' என்கிற துருக்கிச் சரக்கு. அதில் என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்குள் பந்தயம். ஒருவன் மாம்பழம் என்கிறான், இன்னொருவன் பபிள்கம் என்கிறான், மலையாளி நண்பர் அன்னாசி என்று சத்தியமே செய்கிறார். எனக்கு ஏதோ ரோஸ் மில்க் மாதிரி இருக்கிறது. தோற்றவர் பிரியாணி வாங்க வேண்டும். யார் சொல்வது சரி? (பெயர் வேண்டாம் என்றவர், ஷார்ஜா)

பதில்: நால்வரும் பங்கு போட்டு வாங்குங்கள், யாருமே ஜெயிக்கவில்லை. அடால்யா நிறுவனத்தின் அந்தக் கலவைக்கு விற்பவர்கள் சொல்லும் பட்டியல் பேஷன் ஃப்ரூட், முலாம்பழம், தர்பூசணி, புதினா. யாராவது கொய்யா என்று சொல்லியிருந்தால் பாதி மார்க் கொடுத்திருப்பேன், ஏனென்றால் பேஷன் ஃப்ரூட்டுக்கு அந்த மணத்தைத் தருகிற கந்தகச் சேர்மங்களில் சில கொய்யாவிலும் உண்டு.

ஆனால் பட்டியலில் பழம் இருப்பதால் டப்பாவிலும் பழம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஷீஷா சரக்கு என்பது புகையிலை, சர்க்கரைப் பாகு, கிளிசரின், அப்புறம் வாசனைத் திரவம், அவ்வளவுதான். எடை போட்டால் பெரும்பாலும் புகையிலையைவிடப் பாகும் கிளிசரினும்தான் அதிகம். நீங்கள் ஊதுகிற அந்த வெள்ளை மேகத்தில் பெரும் பங்கு கிளிசரின். பழத்தின் வேலையை எஸ்டர், லாக்டோன் போன்ற வாசனை வேதிப்பொருள்களின் சில துளிகள் பார்த்துக்கொள்கின்றன. எத்தனை துளி, எந்தத் துளி என்பதைக் கம்பெனிக்காரர்கள் சொல்லமாட்டார்கள், அதுதானே அவர்கள் பிழைப்பு.

உங்கள் மூக்கைக் குறை சொல்லவும் முடியாது. 1989-ல் டேவிட் லாயிங் என்கிற ஆஸ்திரேலிய ஆய்வாளர் தன் குழுவோடு, நன்றாகத் தெரிந்த வாசனைகளையே கலந்துகொடுத்து என்னென்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார். மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு வரைதான் மனிதர்களால் பிரித்துச் சொல்ல முடிந்தது, அதற்கு மேல் போனால் எல்லாம் சேர்ந்து புதிதாக ஒரே வாசனையாகிவிடுகிறது. பக்கத்து வீட்டு வத்தக்குழம்பு வாசனை வந்ததும் வத்தக்குழம்பு என்று தெரிகிறதே தவிர, வெந்தயம் எவ்வளவு, மல்லி எவ்வளவு என்றா தெரிகிறது? உங்கள் 'லவ் 66' கதையும் அதேதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் பெயரும் நிறமும். பிரான்ஸில் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கிற 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் வாசனையே இல்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். படித்த பிள்ளைகள், சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற பழங்களையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. அதனால் அடுத்த முறை டப்பாவைப் பார்க்காமல், பெயர் தெரியாமல், கடைக்காரரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி விளையாடுங்கள். முக்கியமாக, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரவர் பதிலைத் துண்டுச் சீட்டில் எழுதிவிட வேண்டும், ஒருவன் "மாம்பழம்டா" என்று சொன்ன நொடியிலிருந்து நால்வருக்கும் மாம்பழம்தான் மணக்கும். கரி வைத்த புதிதிலேயே ஊகிப்பதும் நல்லது. எலுமிச்சை, புதினா மாதிரி லேசான வாசனைகள் சீக்கிரம் பறந்துவிடும், வெனிலா மாதிரி கனமானவை கடைசிவரை உட்கார்ந்திருக்கும். குழாயையும் புதிதாகக் கேளுங்கள், போன வாரம் யாரோ இழுத்த 'டபுள் ஆப்பிள்' சரக்கின் வாசனை அதற்குள் இன்னும் குடியிருக்கலாம்.

கேள்வி: அந்த டபுள் ஆப்பிளைப் பற்றித்தான் என் கேள்வி. ஓட்டலில் சாப்பிட்டபின் தருகிற சோம்பு மிட்டாய் மாதிரிதான் எனக்கு இருக்கிறது. எனக்குத்தான் கோளாறா? (தோஹா வாசகர்)

பதில்: கோளாறெல்லாம் இல்லை, உலகம் முழுக்க முதல் தடவை இழுப்பவர்கள் கேட்பது இதைத்தான். 1913-ல் தொடங்கிய எகிப்தின் நக்லா, அஜ்மானில் இருந்து வரும் அல் ஃபாகிர் என்று எந்தக் கம்பெனியின் டபுள் ஆப்பிளை எடுத்தாலும் முன்னால் நிற்பது சோம்பு வாசனைதான். சிவப்பு ஆப்பிள், பச்சை ஆப்பிள் இரண்டும் சேர்ந்தது என்பது பெயர்க்கணக்கு. அனெத்தோல் என்கிற பொருள்தான் சோம்புக்கும் பிரியாணியில் போடுகிற அன்னாசிப்பூவுக்கும் அந்த மணத்தைத் தருகிறது, அதனால் இது சோம்பா அன்னாசிப்பூவா என்று சண்டை போடுவது வீண். அனெத்தோலுக்குச் சொந்தமாகவே ஓர் இனிப்பும் உண்டு. இனிப்பு, சிவப்புச் சாயம், ஆப்பிள் என்கிற பெயர் மூன்றும் சேர்ந்தால் சிலருக்கு ஆப்பிளும் தெரிந்துவிடுகிறது. நீங்கள் ஏமாறவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: துபாயிலிருந்து வந்த கணவரின் சட்டைகளில் மல்லிகைப்பூ வாசனை. கேட்டால் "திராட்சை ஷீஷா" என்கிறார். நம்பலாமா? (திருச்சி வாசகி)

பதில்: வேதியியல் அவர் பக்கம்தான் நிற்கிறது. மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று ஒரு பொருள். அமெரிக்கக் கான்கார்டு திராட்சையின் வாசனை அதுதான், திராட்சை மிட்டாய்க்கும் திராட்சை சோடாவுக்கும் அதைத்தான் போடுகிறார்கள், மல்லிகையிலும் அது இயற்கையாகவே இருக்கிறது. ஒரே வாசனையை ஒருவர் பூ என்பதும் இன்னொருவர் பழம் என்பதும் நடக்கக்கூடியதே. சட்டையில் முடி, பொட்டு என்று வேறு ஏதாவது இருந்தால் அது இந்தப் பகுதிக்கான கேள்வி இல்லை.

கேள்வி: பான் ஃப்ளேவரில் நிஜ வெற்றிலை உண்டா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: வெற்றிலை ஊரிலிருந்து கேட்கிறீர்கள், பயந்துகொண்டே சொல்கிறேன். மும்பை அஃப்சல் கம்பெனியின் 'பான் ராஸ்' இதில் பேர்போனது. இழுத்தவர்கள் ஏலக்காய், குல்கந்து (சர்க்கரையில் ஊறிய ரோஜா இதழ்), சோம்பு, கிராம்பு, வெற்றிலை என்று அடுக்குவார்கள். இதில் கடைசி இரண்டையும் பிரிப்பதுதான் கஷ்டம். கிராம்பின் மணமான யூஜெனால் வெற்றிலை எண்ணெயிலும் உண்டு, கூடவே அதன் நெருங்கிய சொந்தமான சாவிபெட்டாலும் உண்டு. ரோஜாவும் கிராம்பும் சேர்ந்து மணந்தால் மீதி வெற்றிலையை நம் ஆட்களின் ஞாபகமே நிரப்பிக்கொள்ளும். ஒரு ஜெர்மன்காரரிடம் கொடுத்தால் கிறிஸ்துமஸ் கேக் என்பார்.

கேள்வி: 'ஐஸ்' என்று போட்டதில் புதினா வாசனையே இல்லை, ஆனால் தொண்டை ஜில்லென்கிறது. எப்படி? (கோலாலம்பூர் வாசகர்)

பதில்: வாசனை இல்லாமல் குளிர்ச்சியை மட்டும் தருகிற பொருள்கள் இருக்கின்றன. அதில் டபிள்யூஎஸ்-3, டபிள்யூஎஸ்-23 இரண்டும் பிரபலம். டபிள்யூஎஸ் என்பது வில்கின்சன் ஸ்வார்டு, ஆமாம், ஷேவிங் பிளேடு கம்பெனியேதான். 1970-களில் புதினாவின் குளிர்ச்சிப் பொருளான மெந்தாலுக்கு மாற்று தேடியபோது அவர்கள் ஆராய்ச்சியில் பிறந்தவை இவை. ஜில்லென்றால் புதினா என்று இனிமேல் பந்தயம் கட்டாதீர்கள்.

கேள்வி: புகையிலை இல்லாத 'ஹெர்பல்' ஹூக்கா கெடுதல் இல்லையாமே? சென்னையில் எங்கே கிடைக்கும்? (சென்னை கல்லூரி மாணவர்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தமிழ்நாட்டில் ஹூக்கா பார் நடத்துவதைத் தடை செய்து 2022-ல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள், மீறினால் சிறைவரை போகலாம், ஆகவே முகவரி கேட்காதீர்கள். முதல் கேள்விக்கு: புகையிலையை எடுத்துவிட்டாலும் மேலே கரி எரிகிறதே, தம்பி. கார்பன் மோனாக்சைடு வருவது அதிலிருந்துதான், தண்ணீர் அதைத் தடுக்காது. மூலிகை என்று எழுதினாலும் கரி கரிதான். ஒரு தடவை உட்கார்ந்து ஷீஷா இழுத்தால் உள்ளே போகும் புகையின் அளவு ஒரு சிகரெட்டைப்போல 100 முதல் 200 மடங்கு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2005 அறிக்கை சொல்கிறது. ஷார்ஜா நண்பர்களும் இந்தப் பத்தியைப் படிக்கவும். வாசனை கண்டுபிடிக்கிற விளையாட்டை இழுக்காமலே, டப்பாவைத் திறந்து முகர்ந்தே ஆடலாம், இன்னும் துல்லியமாகவும் வரும், கரி வாசனை குறுக்கே வராது.

கேள்வி: வாசனை ஹூக்கா இந்தக் காலத்துப் பித்தா, அந்தக் காலத்திலும் உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: உண்டு. அக்பர் அவைக்குப் புகையிலையைப் பிஜப்பூரிலிருந்து கொண்டுவந்து காட்டியதை முகலாய அவை அதிகாரி ஆசாத் பேக் எழுதி வைத்திருக்கிறார், 1600-களின் தொடக்கம் அது. பின்னாளில் லக்னோவில் கமீரா என்கிற புகையிலை பேர்வாங்கியது. அது பலாப்பழம் மாதிரி பழங்களையும் பாகையும் சேர்த்துப் புளிக்கவைத்த சரக்கு. அதில் நிஜமாகவே பழம் இருந்தது.