கொப்பியை எறிந்துவிடாதீர்கள், தங்கச்சி

"என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, ஆனால் மருத்துவ பீடத்துக்குப் புள்ளி காணாது. போன வருடம் என் அம்மா புற்றுநோயில் படுக்கையாகக் கிடந்தபோது கடைசி இரண்டு மாதமும் இவள்தான் பார்த்தாள். மருந்து கொடுத்த நேரத்தையெல்லாம் இரசாயனவியல் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். என்னால் அந்த அறைக்குள் நிற்கவே முடியவில்லை. இப்போது, 'சாகப்போற ஆக்களைப் பாக்கிற வேலைதான் எனக்கு வேணும்' என்கிறாள். ஊரில் சொன்னால் என்ன நினைப்பார்கள்? நாளைக்கு யார் வந்து கட்டுவார்கள்? நாங்கள் பார்க்காத சாவா? அவளுக்கு நல்ல புத்தி சொல்லுங்கள்." — ஒரு தாய், முள்ளியவளை.

தங்கச்சி, கடைசியில் கேட்டீர்களே, "நாங்கள் பார்க்காத சாவா" என்று, அதிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 2009க்குப் பிறகு வன்னியில் யாரிடமும் சாவைப் பற்றி விளக்கம் சொல்லப் போக முடியாது. ஆனால் நாங்கள் பார்த்த சாவுகளில் எத்தனை பேருக்குத் தலைமாட்டில் ஒருவர் இருந்தார்? எத்தனை பேருக்கு நோவு குறைய மருந்து கிடைத்தது? உங்கள் மகள் அந்த இரண்டு மாதத்தில் செய்தது இந்த இரண்டையும்தான். அவள் சாவைத் தேடிப் போகிறாள் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சாகிறவருக்கும் ஒரு மருத்துவம் உண்டு என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள்.

அந்த மருத்துவத்துக்குத் தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். வாட்டில் வேலை செய்கிறவர்கள் 'பலியேட்டிவ் கெயார்' என்பார்கள். ஹொஸ்பிஸ் என்பது அதன் கடைசிக் கட்டம். நோய் இனி மாறாது என்று தெரிந்த பிறகு, மிச்சமிருக்கிற நாட்களை நோவில்லாமல் கழிக்க வைப்பது. இதைத் தனி மருத்துவமாக வளர்த்தெடுத்த சிசிலி சோண்டர்ஸ் முதலில் தாதி. பிறகு வைத்தியசாலைச் சமூகப் பணியாளர். அதற்கும் பிறகு படித்து 1957இல் டொக்டர். 1967இல் லண்டனில் சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கினார். நோவு உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் இருக்கிறது, நாலையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் அவர். உங்கள் மகளுக்கு இதை நான் சொல்வதற்குக் காரணம் அந்த அம்மாவின் புகழ் அல்ல. இந்த வேலைக்கு ஒரே ஒரு வாசல் இல்லை என்பதைக் காட்டத்தான்.

இனி உண்மையைச் சொல்ல வேண்டும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ 'ஹொஸ்பிஸ் வேலைக்கு ஆள் தேவை' என்று விளம்பரம் வரும் என்று அவள் காத்திருந்தால் வயதுதான் போகும். வேறொரு தொழிலுக்குள் போய், அங்கிருந்துதான் இதற்குத் திரும்ப வேண்டும். அவளுடைய பெறுபேற்றுக்குத் தாதியம்தான் நேரான பாதை.

அதில் இரண்டு வழி. ஒன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத் தாதியப் பட்டம். இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற தரப்படுத்திய புள்ளி பார்த்துத்தான் எடுப்பார்கள். முல்லைத்தீவு பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் கோட்டாவில் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. மருத்துவ பீடத்துக்குக் காணாத புள்ளி இதற்குக் காணக்கூடும், விண்ணப்பப் படிவத்தில் இதையும் போட்டாளா என்று கேளுங்கள். மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு வந்து என் முன்னால் அழுத பிள்ளைகள் அதிகம். மற்றது, சுகாதார அமைச்சின் மூன்று வருடத் தாதியர் பயிற்சி. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, படிக்கும்போதே கொடுப்பனவும் உண்டு. இதற்கு வர்த்தமானி அறிவித்தல் வரவேண்டும், அது எப்போது வரும் என்பது கடவுளுக்கும் அமைச்சுக்கும் வெளிச்சம். நிபந்தனைகளை அந்த வர்த்தமானியிலேயே பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வருடத்துக்கு முன் கேட்டதை நம்பி இருக்க வேண்டாம். முதல் நியமனம் ஊருக்குள் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். சிங்களம் இப்போதே படிக்கத் தொடங்கட்டும். சாகக் கிடக்கிறவரிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கதைக்க முடியாது.

தாதியம் சரிவராவிட்டால் சமூகப் பணி இருக்கிறது. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் டிப்ளோமாவும் பட்டமும் உண்டு. உளவளத்துணை படித்துப் பிரதேச செயலகங்களில் வேலை செய்கிறவர்களையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். காத்திருக்கிற காலத்தில் பராமரிப்பாளர் என்.வி.கியூ. 3 (தேசிய தொழிற்றகைமை மூன்றாம் மட்டம்) பயிற்சி எடுத்தால் நட்டமில்லை: ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கவும் தூக்கவும் குளிப்பாட்டவும் முறையாகப் பழகலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் கைக்கு வந்ததும் 'இஸ்ரேல், ஜப்பான்' என்று ஏஜென்சிக்காரர் வீட்டு வாசலுக்கு வருவார்கள். வெளிநாடு போவது பிழையில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாதவரிடம் காசு கொடுப்பதுதான் பிழை.

சரி, படித்து முடித்தபின் என்ன வேலை? 'பக்கத்தில் இருந்து கையைப் பிடிப்பது' என்று நினைக்கிறவர்கள் உண்டு. கையும் பிடிக்க வேண்டும்தான், ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய. வாயால் குடிக்கும் சாதாரண மோர்பின் என்ற நோவு மருந்து ஏறக்குறைய நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வேலை செய்யும். நோவு தாங்க முடியாமல் கத்தும்போது கொடுப்பது அல்ல அது, மணிக்கூட்டைப் பார்த்து, நோவு திரும்பி வருமுன் கொடுப்பது. டொக்டர் எழுதித் தருவார். இடையில் நோவு குத்தினால் என்ன செய்வது, மலச்சிக்கலுக்கான மருந்தும் கூடவே போகிறதா என்று பார்க்கிறவர் தாதி. 'மோர்பின் குடுத்தால் பழகிப்போகும், சீக்கிரம் செத்துப்போவார்' என்று பயந்து போத்தலை அலுமாரிக்குள் பூட்டி வைக்கிற வீடுகள் இருக்கின்றன. நோவுக்கு அளவாகக் கொடுக்கும் மருந்து ஆளைக் கொல்லாது என்று அந்த வீட்டுக் குசினிக்குள் இருந்து, ஒருமுறையல்ல நாலுமுறை, பொறுமையாகச் சொல்ல வேண்டும். உங்கள் மகள் கொப்பியில் நேரம் எழுதினாளே, அதை அவளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

என் ஐயாவுக்கு அப்படி எழுத யாரும் இருக்கவில்லை. "இனிச் செய்ய ஒண்டுமில்லை, வீட்டை கொண்டு போங்கோ" என்றார்கள். கையில் பனடோல் அட்டை ஒன்று. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, வாட் நிறைய நோயாளர். ஆனால் செய்ய நிறைய இருந்தது என்று எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆளைத் திருப்பியிருக்கலாம். புண் மணத்தால் பேரப்பிள்ளைகள் கிட்ட வராமல் நின்றார்கள். அந்த மணத்தைக் குறைக்கவும் மருந்து இருந்திருக்கிறது. காய்ந்துபோன வாயை ஈரத்துணியால் துடைத்திருக்கலாம். நாங்கள் கஞ்சியைப் பலவந்தமாக ஊற்றிக்கொண்டிருந்தோம். கடைசி நாட்களில் உடம்பு சாப்பாடு கேட்காது. ஊற்றினால் நெஞ்சுக்குள் போய்ப் புரைக்கேறும். "பட்டினி போட்டுக் கொல்லுறமோ" என்று என் அம்மா அழுதார். அப்படி இல்லை என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அன்று வந்திருந்தால் போதும்.

சேடம் இழுக்கும்போது வீடே பதறும். பெரும்பாலும் அந்த நேரத்தில் நோயாளிக்கு நினைவிருக்காது, கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்குத்தான் வேதனை. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால் சத்தம் குறையும். பால் பருக்க வேண்டும் என்று பெரியவர்கள் நிற்பார்கள். நல்ல தாதி அதைத் தடுக்க மாட்டாள், பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கச் சொல்லுவாள். தேவாரம் படிக்க இடம் விடுவாள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வீடு என்றால் சுவாமியார் நோயில் பூசுதலுக்கு வரும்வரை ஆள் விழித்திருக்கும்படி மருந்து நேரத்தை டொக்டரோடு கதைத்து ஒழுங்குபடுத்துவாள். இதெல்லாம் படித்துத் தெரிவதில் பாதி, எங்கள் சனத்தைத் தெரிவதில் பாதி. கொழும்பிலிருந்து வருகிற ஒருவருக்கு இது வர நாளெடுக்கும், உங்கள் பிள்ளைக்கு இப்போதே வரும்.

எங்கள் ஊருக்கென்றே உள்ளது இன்னும் ஒன்று. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் தொடங்கிய இருப்புப் போராட்டம் உங்களுக்குத் தெரியும். அங்கே இருந்த தாய்மாரில் பலர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். இன்னும் பலர் வயதுபோய்ப் படுக்கையில். அப்படி ஒருவர் தாதியின் கையைப் பிடித்து, "என்ரை பெடியன் வருவானோ?" என்று கேட்டால் என்ன சொல்வது? 'வருவான்' என்றால் பொய், 'வரமாட்டான்' என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்கு விடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "மகன்ரை பேர் என்னம்மா, படம் இருக்கோ?" என்று கேட்கத் தெரிந்தவள் வேண்டும். அதன் பிறகு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், மருந்து நேரம் தப்பாமல்.

புற்றுநோய் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். வவுனியாவில் சில இடங்களில் சிறுநீரக நோய் முற்றியவர்கள். வன்னி முழுக்க, யுத்தத்தில் செல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காமல் வருடக்கணக்காகப் புண்ணோடு இருக்கிறவர்கள். பக்கவாதம் வந்து கிடக்கிற, பிள்ளைகள் எல்லாம் கனடாவில் இருக்கிற முதியவர்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறந்தது பெரிய காரியம், அதற்காக 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தே காசு சேர்த்தார்கள். ஆனால் புதுக்குடியிருப்பில் எழும்ப முடியாமல் கிடக்கிறவர், பரந்தனில் பஸ் மாறி, யாழ்ப்பாணத்தில் பஸ் மாறித் தெல்லிப்பழைக்குப் போவது எப்படி? தாதிதான் மோட்டார் சைக்கிளில் அவர் படலைக்குப் போக வேண்டும். கேரளத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கி, அயலவர்களையே பழக்கியெடுத்து, 2008இல் அரசாங்கக் கொள்கையாகவே கொண்டுவந்தார்கள். இங்கேயும் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்று வீடுகளுக்குப் போகிற பதவி வந்திருக்கிறது. உங்கள் மகள் தாதியாகிச் சில வருடம் வாட்டில் நின்றபின் கண் வைக்க வேண்டிய இடம் அது என்பது என் எண்ணம்.

கலியாணத்துக்கு வருகிறேன். துடக்கு வேலை என்று சொல்லப்போகிற அதே ஆட்கள்தான் இரவு ஒரு மணிக்கு, "மிஸ்ஸி, அப்பாவுக்கு ஏலாமல் கிடக்கு, ஒருக்கால் வாங்கோ" என்று உங்கள் படலையைத் தட்டுவார்கள். அரசாங்கத் தாதிக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்று என் சர்வீசில் நான் கேள்விப்படவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

உங்கள் பயத்தில் நியாயமான ஒன்றும் இருக்கிறது, நீங்கள் அதை எழுதவில்லை. அம்மம்மா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் தேடுவது இந்தத் தொழிலையா, அம்மம்மாவையா? இரண்டும் கலந்துதான் இருக்கும், அதில் பிழையில்லை, ஆனால் எது கூட என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் கேட்டு ஒரு மாதம் உதவிக்குப் போகட்டும். பின்னேரம் வீட்டுக்கு வந்து எதைக் கதைக்கிறாள் என்று கவனியுங்கள். "அந்த ஆச்சி இண்டைக்கு இடியப்பம் கேட்டவ, காலில வீக்கம் குறைஞ்சிருக்கு" என்று வந்தால் நல்லது. ஒவ்வொரு நாளும் தன் அழுகையைப் பற்றியே கதைத்தால், சாகக் கிடக்கிறவர்களைப் பார்க்கிற வேலையை மட்டும் இரண்டு வருடம் பொறுத்துப் பார்க்கலாம். தாதியப் படிப்பு அதற்காக நிற்கத் தேவையில்லை. அழுகிற பிள்ளை பலவீனமான பிள்ளை என்றும் எடுக்காதீர்கள். எட்டுச் செலவு முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் பஸ் ஏறிய பிறகு அந்த வீட்டுக்கு மறுபடி ஒருநாள் போய், தனித்துப்போன மனுசியோடு இருந்து தேத்தண்ணி குடிப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். அதற்கு மனம் இளகத்தான் வேண்டும்.

வருகிற வாரம் அவளைக் கூட்டி வாருங்கள். பெறுபேற்றுத் தாள், அடையாள அட்டை, பல்கலைக்கழக விண்ணப்பத்தின் பிரதி. அந்தக் கொப்பியையும் கொண்டு வரட்டும். அரை மணித்தியாலம் அவளோடு தனியாகக் கதைக்க வேண்டும், நீங்கள் வெளியே வேப்பமரத்தடி வாங்கில் இருங்கள். பிறகு அவளை அங்கே இருத்திவிட்டு நீங்கள் உள்ளே வாருங்கள். அந்த அறைக்குள் நிற்க முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றி உங்களோடும் கொஞ்சம் கதைக்க வேண்டும்.