மலை ரயில் நிலையச் சுவரில் ஓதம்: சிமென்ட் பூசலாமா?

கேள்வி: நீலகிரி மலை ரயில் பாதையில் ஒரு பழைய நிலையக் கட்டடத்தின் பராமரிப்பு வேலையை ஒப்பந்தம் எடுத்திருக்கிறேன். கருங்கல் சுவரில் இடுப்பளவு ஓதம் ஏறி, உள்பூச்சு உதிர்கிறது. சிமென்ட் பூசி எனாமல் அடித்தால் போதும் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். குன்னூருக்கு 1899-இலும் ஊட்டிக்கு 1908-இலும் ரயில் வந்த பாதை அது. அக்காலத்துக் கல் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. உள்ளே போன ஈரம் கல் இடுக்குக் காரை வழியாகவே வெளியேறி உலரும். அதன்மேல் சிமென்ட் அப்பினால் வழி அடைபட்டு, ஓதம் பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் மேலே ஏறும். உப்பு பூத்து, பழைய காரை மாவாகக் கொட்டும். எனாமல் கொப்புளித்து உரியும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வந்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கூரையோரத் தகரக் கால்வாயில் சருகு அடைத்திருக்கலாம். மேட்டுப்பக்கத்து வடிகாலை மண் மூடியிருக்கலாம். வெளியே தளத்தை மேலும் மேலும் உயர்த்தியதில் வெளித்தரை உள்தரையைவிட மேலே போயிருந்தால், ஓதத்துக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் மண்சரிவுக்கு அஞ்சும் பாதை இது. தண்டவாளத்தைக் காப்பதும் சுவரைக் காப்பதும் வடிகால்தான்.

இதைச் சரிசெய்தபின் சில மாதம் சுவரை உலரவிடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும்.

அடுத்து, பழைய காரையில் ஒரு கட்டியைப் பொடித்து, கையுறை அணிந்து, நீர்த்த ஆசிட்டில் போடுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், அடியில் மணல் நிற்கும். அதன் நிறமும் பருமனும்தான் புது மணலைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டி. ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று தொடங்கலாம். பிடிப்பு போதாவிட்டால் நன்கு சுட்ட செங்கல் தூள் கொஞ்சம் சேருங்கள். இடுக்குகளைக் கையுளியால் சுரண்டுங்கள். கிரைண்டர் கல்லின் விளிம்பையே வெட்டிவிடும், அந்தக் காயம் ஆறாது. இடுக்கின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம் எடுத்து, நனைத்து, காரையை அழுத்தி நிரப்பி, ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், அவசரப்படுத்தினால் வெடிக்கும். மழையும் உறைபனியும் ஆகாது. பிப்ரவரி முதல் மே வரை வேலைக்கு வாகான காலம்.

2005 முதல் இந்தப் பாதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ஆகவே பொருள் மாற்றம் எதுவானாலும் ரயில்வே பொறியாளரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கிவிடுங்கள். டெண்டரில் சிமென்ட் பூச்சு என்றே இருந்தாலும் திருத்தம் கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள். மேல்பூச்சுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு போதும். நிறம் வேண்டுமென்றால் காவி கலந்துகொள்ளலாம்.