சும்மாட்டின் மேல் ஒரு சூரியன் (அறிவியல் மன்றம்: கேள்வி – பதில்)

எங்கள் பள்ளி மன்றத்தில் 25 பிள்ளைகள். தொலைநோக்கி வாங்கப் பணமில்லை. இரண்டு அங்குல முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டைக் கொண்டு சூரியனைச் சுவரில் விழவைக்கப் பார்த்தோம், சதுரமாகத்தான் விழுகிறது. எங்கே தப்பு?
– ஆசிரியை, திருவாரூர்

துண்டு பெரிது, தூரம் போதவில்லை. சூரிய பிம்பத்தின் விட்டம், தூரத்தில் ஏறக்குறைய 108-இல் ஒரு பங்கு. இரண்டு மீட்டரில் இரண்டு செ.மீ.கூட வராது, உங்கள் துண்டோ ஐந்து செ.மீ. அதன் வடிவம்தான் சுவரில் தெரியும்.

கறுப்புத் தாளில் பஞ்சிங் மெஷினால் ஓர் ஓட்டை போட்டு (சுமார் 6 மி.மீ.) கண்ணாடி மேல் ஒட்டுங்கள். சிறிய பிளாஸ்டிக் பந்தைக் கீறி, மணல் நிரப்பி, வாயை டேப்பால் அடைத்து, அதன்மேல் கண்ணாடியைப் பதியுங்கள். பந்தைத் துணிச் சும்மாட்டில் உட்கார வைத்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியே நிற்கும். கையில் பிடித்தால் பிம்பம் ஆடும். பாதி மன்றங்கள் அலுத்துப்போய் விடுவது இதில்தான்.

பந்து வெயிலில், சுவர் 20 மீட்டர் தள்ளி இருட்டறையில். ஜன்னல்களை அடைத்து ஒரு கதவை மட்டும் திறந்து வையுங்கள். கதிர் வரும் வழியில் நின்று யாரும் கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. அது சூரியனையே நேரே பார்ப்பதற்குச் சமம். ஒரு பிள்ளையைக் காவலுக்கு நிறுத்துங்கள்.

பிம்பம் முட்டையாக நீண்டால் சுவர் கதிருக்குச் சாய்வாக இருக்கிறது. வெள்ளை அட்டையைக் கதிர் செங்குத்தாக விழும்படி சாய்த்துப் பிடித்து அளக்கவும். 19.2 செ.மீ. வருகிறதா? ஓரக் கலங்கலுக்காக ஓட்டையின் 0.6-ஐக் கழியுங்கள்: 18.6. அதை 2,000 செ.மீ.-ஆல் வகுத்து, சூரியனின் தூரமான 15 கோடி கி.மீ.-ஆல் பெருக்கினால் விட்டம் சுமார் 13.95 லட்சம் கி.மீ. பாடநூலில் இருப்பது ஏறக்குறைய 13.9 லட்சம். பந்து, மணல், பழைய துணியில் கிடைத்த விடைக்கு இது மோசமில்லை.

அட்டையில் பிம்பத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் வட்டத்தை விட்டுப் பிம்பம் முழுசாக வெளியே போயிருக்கும். சுழல்வது பூமி என்று அதன் பிறகு சொன்னால் போதும்.

சூரியன் உச்சியில் நேர் தலைக்கு மேல் வரும் நிழலில்லா நாளான ஏப்ரல் 24 அன்று சரியாக 12 மணிக்கு ஒரு குழாயைச் செங்குத்தாக நிற்க வைத்தோம். நிழல் இருந்ததே?
– மாணவர், சென்னை

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் உச்சி சுமார் 9 நிமிடம் பிந்தும். ஏப்ரல் கடைசியில் சூரியன் கடிகாரத்தை இரண்டு நிமிடம் முந்துவதால் அதைக் கழித்தால் உங்கள் உச்சி 12:07. அந்த ஏழு நிமிடத்துக்கு 30 செ.மீ. குழாயில் 9 மி.மீ. நிழல் விழும். குழாய் ஒரு பாகை சாய்ந்தாலே 5 மி.மீ. பிசகும், கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டிச் சரிபாருங்கள். விட்டுப்போனதற்கு வருந்த வேண்டாம், ஆகஸ்ட் 18 இருக்கிறது. அப்போது சூரியன் கடிகாரத்துக்குப் பிந்துவதால் அன்று 12:13-க்குப் பாருங்கள். தெற்கே போகப் போக ஆண்டின் முதல் நிழலில்லா நாள் முந்தும், இரண்டாவது பிந்தும்.

9 வோல்ட் பேட்டரியில் இணைத்த சிவப்பு எல்.இ.டி.க்கள் ஒருமுறை மின்னி அணைந்துவிட்டன. கடைக்காரர் போலி கொடுத்தாரா?
– பெற்றோர், ஓசூர்

கடைக்காரரைத் திட்ட வேண்டாம். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் போதும். மீதி 7 வோல்ட்டைத் தாங்க மின்தடை இல்லாததால் கருகிவிட்டது. தொடராக 470 ஓம் ஒன்றைப் போடுங்கள் (மஞ்சள், ஊதா, பழுப்புப் பட்டைகள்). 15 மில்லி ஆம்பியர்தான் ஓடும். நீண்ட கால் பேட்டரியின் கூட்டல் பக்கம்.