கேளுங்க... சொல்றேன்!

கேள்வி: எங்க தெல்தோட்டைப் பக்கம் டீ ஃபேக்டரிக்கு பிளான் போட்டவர்தான் ஓல்ட் டிராஃபோர்டு ஸ்டேடியத்தையும் டிசைன் பண்ணாருன்னு சித்தப்பா சொல்றார். அளந்து விடுறாரா? (வாசகர், கண்டி)

பதில்: இல்லங்க, நிஜம்தான். கிரிக்கெட் கிரவுண்டுன்னு நெனச்சிடாதீங்க, அது பக்கத்துல இருக்கற வேற ஓல்ட் டிராஃபோர்டு, இது மான்செஸ்டர் யுனைடெட்டோடது, 1910ல திறந்தது. ஆளு பேரு ஆர்ச்சிபால்ட் லீட்ச், 1865ல கிளாஸ்கோல பிறந்தவர். ஆரம்பத்துல அவருக்கு ஃபேக்டரி வேலைதான், அதுலதான் உங்க ஊரு டீ ஃபேக்டரியும் வருது. மேல் மாடியில கொழுந்த வாட்டப் போட்டு கீழ மெஷின் ஓடற கட்டடத்துக்கு என்ன வேணும், நிறைய எடம், தாங்கற இரும்பு, மேல கூரை, செலவு கம்மி, அவ்ளோதானே. அதே கணக்கத்தான் மனுஷர் ஃபுட்பால் ஸ்டாண்டுக்கும் போட்டார், அலங்காரம்லாம் காசு இருந்தாத்தான்.

ஆனா அவர் வாழ்க்கையில மறக்கவே முடியாத நாள் 1902 ஏப்ரல் 5. கிளாஸ்கோல ரேஞ்சர்ஸ் கிளப்போட ஐப்ராக்ஸ் ஸ்டேடியத்துல ஸ்காட்லாந்து - இங்கிலாந்து ஃபுட்பால் மேட்ச், இரும்புச் சட்டத்து மேல பலகை அடிச்சு இவர் டிசைன் பண்ண உயரமான கேலரி, ஜனம் நெருக்கியடிச்சு நின்னுட்டிருக்கு, திடீர்னு பலகை முறிஞ்சு ஓட்டை விழுந்து நூத்துக்கணக்கான பேர் அப்படியே கீழ போயிட்டாங்க. 25 பேர் செத்துட்டாங்க, 500 பேருக்கு மேல அடி. லீட்சும் அன்னிக்கு அங்கதான் இருந்தார். இதுல எனக்கு ஜீரணிக்க முடியாத விஷயம், கொஞ்ச நேரம் நிறுத்திட்டு மேட்ச்ச திரும்ப ஆடி முடிச்சாங்க, 1-1!

கேஸ் மரம் சப்ளை பண்ண கான்ட்ராக்டர் மேல போச்சு, மட்டமான பைன் மரத்தப் போட்டுட்டான்னு, கடைசில அவரும் விடுதலை. லீட்ச் என்ன பண்ணார்னா, என்னையே வெச்சுக்கோங்கன்னு ரேஞ்சர்ஸ் கிளப்புக்கு லெட்டர் எழுதினார், அவங்களும் வெச்சுக்கிட்டாங்க! நம்மூர்ல விடுவாங்களா சொல்லுங்க. ஆனா அதுக்கப்புறம் பலகை கேலரிய விட்டுட்டு மண்ண மேடாக் கொட்டி படி வெச்சார், கூட்டம் மொத்தமா சரிஞ்சு வராம இருக்க நடுநடுவுல இரும்புத் தடுப்பு வெச்சார், அந்த டிசைனுக்கு பேட்டன்ட்டே வாங்கினார். குற்ற உணர்ச்சின்னு சிலர் சொல்வாங்க, எனக்கென்னவோ அது பாடம் படிச்ச இன்ஜினியர் புத்தின்னுதான் தோணுது. ஆன்ஃபீல்டு, ஹைபரி, வில்லா பார்க்னு இங்கிலாந்தோட பேர்போன ஃபுட்பால் கிரவுண்டு பலதுலயும் அவர் கை இருந்திருக்கு. 1939ல போயிட்டார், ஆனா 1966 வேர்ல்டு கப் நடந்த 8 கிரவுண்டுல 6 அவர் வேலை பாத்தது.

கேள்வி: மகளப் பாக்க லண்டன் போறேன். பழைய ஃபுட்பால் கிரவுண்டு ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னா எது? (வாசகர், மதுரை)

பதில்: மேல சொன்ன லீட்சோட கிரேவன் காட்டேஜ், ஃபுல்ஹாம் டீமோடது. புட்னி பிரிட்ஜ் ஸ்டேஷன்ல இறங்கி தேம்ஸ் ஓரமா பார்க் வழியா நடந்தா போதும். தெருவுல இருந்து பாத்தா செங்கல் செவுரும் ஜன்னலுமா பழைய கால வீட்டு வரிசை மாதிரிதான் இருக்கும், ஸ்டேடியம்னே தெரியாது. உள்ள 1905ல போட்ட மரச்சீட்டு இன்னும் இருக்கு. முட்டி இடிக்கும், சில எடத்துல தூண் வேற மறைக்கும், டிக்கெட் எடுக்கும்போது பாத்து எடுங்க.